பெட்டிக்குள் போகாத மாயாவி

வாட்ஸப்பில் நாலு படம் வரும். முன்னட்டை, பின்னட்டை, நடுவில் ஏதோ ஒரு பக்கம், பிறகு விலை எழுதிய துண்டுச் சீட்டு. கீழே ஒரே கேள்வி: "அண்ணாச்சி, வாங்கலாமா?" கேட்கிறவர்கள் பெரும்பாலும் பெங்களூரிலும் சென்னையிலும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற தம்பிகள். சின்ன வயதில் அப்பா கிழித்துப் போட்டதை இப்போது சம்பளத்தில் தேடுகிறவர்கள்.

நான் காமிக்ஸ் எழுதியவனும் இல்லை, விற்றவனும் இல்லை. சிவகாசி அச்சகங்களில் பைண்டிங் பார்த்தவன். ஃபாரம் மடிப்பது, பின் அடிப்பது, கட்டிங் மெஷினில் மூன்று ஓரமும் வெட்டிக் கட்டுக் கட்டுவது, இதுதான் தொழில். ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தால் அது எங்கே பிரிந்தது, பிரித்தவன் யார், திரும்பச் சேர்த்தவனுக்குத் தொழில் தெரியுமா தெரியாதா என்பதைச் சொல்லிவிடுவேன். போட்டோவில் பாதிதான் சொல்ல முடியும். அந்தப் பாதிக்காகத்தான் கேட்கிறார்கள்.

போன தீபாவளிக்கு முன்னால் வந்த படத்தில் இரும்புக்கை மாயாவி. "முத்து காமிக்ஸ் முதல் இதழ், 1972, ஒரிஜினல், மிண்ட் கண்டிஷன்" என்று விற்கிறவர் எழுதியிருந்தார். விலை, கேட்ட தம்பியின் சம்பளத்தில் பாதி.

இந்த மிண்ட் எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1938-ல் பத்து சென்ட்டுக்கு விற்ற ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில்தான் சூப்பர்மேன் பிறந்தார். அந்த இதழின் ஒரு பிரதி 2014-ல் இணைய ஏலத்தில் 32 லட்சம் டாலருக்குப் போனது. அவ்வளவு பணம் நடுவில் நிற்கும்போது 'நல்லா இருக்கு' என்ற வார்த்தையை நம்பி யார் வாங்குவார்? 1970-ல் ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் என்பவர் விலைக் கையேடு ஒன்று போட்டார். எந்த இதழ், எந்த நிலையில், என்ன விலை என்று அதில் இருந்தது. மிண்ட், ஃபைன், குட் என்ற தரப்பெயர்கள் வியாபாரத்தில் ஊறின. ஆனால் தரத்தைச் சொல்கிறவரும் விற்கிறவரும் ஒரே ஆள். தபாலில் பணம் அனுப்பியவருக்கு வந்து சேர்ந்தது வேறாக இருந்தால் சண்டைதான். 2000-ல் சிஜிசி என்ற கம்பெனி வந்தது. புத்தகத்தை அவர்களுக்கு அனுப்பினால் பக்கம் பக்கமாகப் பார்த்து பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்துத் தருவார்கள். இயல்பாக இருக்கிற பிரதிக்கு நீலச் சீட்டு. வண்ணம் தொட்டு, தாள் ஒட்டி ஒப்பேற்றியிருந்தால் ஊதாச் சீட்டு. ஊதா விழுந்தால் விலையும் விழும். நான் சொன்ன 32 லட்சத்துப் பிரதிக்கு 9.0.

பெட்டிக்குள் போகாத பிரதியை அங்கே பச்சைப் பிரதி என்கிற மாதிரி ஒரு பேரில் சொல்கிறார்கள். அதை வாங்குகிறவர் தன் கண்ணை நம்பித்தான் வாங்க வேண்டும். அங்கேயும் அதற்கென்று வித்தைகள் உண்டு. 1974 நவம்பர் தேதியிட்ட ஹல்க் 181-ஆம் இதழ் ஓர் உதாரணம். வுல்வரின் முழுசாக வந்த முதல் கதை அது. அந்தக் காலத்து மார்வெல் இதழ்களில் வாசகர் கடிதப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஸ்டாம்ப் அச்சிட்டு, வெட்டி ஒட்டிச் சேருங்கள் என்று பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டார்கள். பிள்ளைகளும் கேட்டார்கள். அட்டை பளபளவென்று, முதுகு நேராக, மூலை மழுங்காமல் இருக்கிற பிரதியிலும் உள்ளே தபால்தலை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கலாம். அட்டைப் படத்தை மட்டும் பார்த்துப் பணம் கட்டியவர் ஏமாந்தார். முதல் பாடம் இதுதான்: கெட்டுப்போனது அட்டையில் தெரியாது, பக்கங்களைப் புரட்டிப் பார்.

எனக்கு அந்தப் பெட்டியின் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. சீல் வைத்தபின் அந்தப் புத்தகத்தை யாரும் படிக்க முடியாது. பின்னைத் தொட முடியாது, தாளை முகர முடியாது. நூறு பைண்டர்கள் சேர்ந்து வந்தாலும் சீட்டில் இருக்கும் எண்ணை நம்புவதைத் தவிர வேறு வேலை இல்லை.

தமிழில் அந்தத் தொல்லை இல்லை. நம் பழைய காமிக்ஸுக்கு எண் போடுகிற ஆபீஸ் கிடையாது. எல்லாமே பச்சைப் பிரதிகள்தான். ஆகவே வாங்கலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அந்தப் புத்தகம் எப்படி உண்டானது, எப்படிப் புழங்கியது, எப்படி அழிந்தது என்ற மூன்றும் தெரிந்தாக வேண்டும்.

உண்டான இடம் எங்கள் ஊர். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கு லேபிள் வேண்டும். மானும் மயிலும் அம்மனும் அச்சடித்து அச்சடித்தே இந்த ஊர் கலர் பிரிண்டிங்கில் கை தேர்ந்தது. பிறகு காலண்டர், நோட்டு அட்டை, வாழ்த்து அட்டை. 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸ் வந்தபோது பளிச்சென்ற அட்டை போடுவதற்கு சிவகாசி யாரிடமும் போய்க் கற்க வேண்டியிருக்கவில்லை. பதிப்பாளர் சௌந்திரபாண்டியன். முதல் கதையின் நாயகன் பெயரே முதல் இதழின் பெயரும்: இரும்புக்கை மாயாவி. பிரிட்டனில் 1962-ல் தொடங்கிய வேலியன்ட் வார இதழில் வந்த கதை. வரைந்தவர் ஹெசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர். ஒரு கை போய் இரும்புக் கை பொருத்திய ஆள், மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும். லண்டன் பிள்ளைகள் மறந்த பிறகும் நம் ஊரில் அவர் செல்லப்பிள்ளையாகவே இருந்தார்.

1984 ஜூலை இன்னொரு முக்கியமான மாதம். சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன், மீசை சரியாக முளைக்காத வயதில் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. அதே மாதம் தினத்தந்தி நிறுவனத்திலிருந்து ராணி காமிக்ஸ் வந்தது. ராணி 2005-ல் 500 இதழ்களோடு நின்றது. லயனில் வந்த ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் என்பது, அதைப் பெட்டிக்கடையில் வாங்கிய எந்தப் பையனுக்கும் அப்போது தெரியாது.

இவை புழங்கிய கதைதான் வியாபாரத்துக்கு முக்கியம். ஒருவர் வாங்கி ஒருவர் படித்த புத்தகம் குறைவு. எல்லா ஊரிலும் லெண்டிங் லைப்ரரி இருந்தது. வீட்டுத் திண்ணையில், தையல் கடை ஓரத்தில், நாளுக்குப் பத்துப் பைசா, கால் ரூபாய் என்று வாடகை. ஒற்றைக் காமிக்ஸ் பத்துக் கை மாறினால் அட்டை போய்விடும். அதனால் நாலு இதழை அடுக்கி எங்கள் மாதிரி பைண்டரிடம் கொடுப்பார்கள். மூன்று இடத்தில் துளை போட்டு, ஊசி நூலால் பக்கவாட்டில் தைத்து, முதுகுக்குக் காலிகோ துணி ஒட்டி, கட்டிங்கில் மூன்று ஓரமும் ஒரு சீவு சீவித் தருவோம். மைதாப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் போடுவது வழக்கம்; பூச்சி அண்டாது. இன்றைக்கும் அப்படி ஒரு கட்டை விரித்துப் பார்த்தால் முதுகு ஓரத்தில் லேசாகப் பச்சை தெரியும். அமெரிக்கக் கணக்கில் ஓரம் சீவிய பிரதி ஊதாச் சீட்டுக்காரர்களோடு போய்ச் சேரும். நம் கணக்கில் அந்தச் சீவல்தான் பல புத்தகங்களைக் காப்பாற்றியது.

சென்னையில் இவை கைமாறிய பெரிய இடம் சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட். 1900-ல் திறந்த சிவப்புக் கட்டடம். 1985 மே 30-ஆம் தேதி தீப்பிடித்துப் போயிற்று. பழைய புத்தகக்காரர்கள் அல்லிக்குளம் பக்கம் போனார்கள், திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோடு நடைபாதையில் சிலர் ஏற்கெனவே இருந்தார்கள். எவ்வளவு காமிக்ஸ் அந்தத் தீயில் போனது என்று கணக்கு வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அப்போது அது எடைக்குப் போடுகிற பொருள்.

எடைக்குப் போட்டது எங்கே போகும்? கொஞ்சம் பொட்டலம் மடிக்கப் போகும். கொஞ்சம் எங்கள் ஊருக்கே திரும்ப வரும். வெடிக்குக் குழாய் சுருட்டுவது பழைய தாளில்தான். தீபாவளிக்கு மறுநாள் தெருவில் கிடக்கிற தாள் துணுக்கில் பாடப்புத்தகமும் பரீட்சைத் தாளும் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிவகாசியில் அச்சாகி, ஊரெல்லாம் சுற்றி, சிவகாசிக்கே வந்து வெடியாய்ப் போன காமிக்ஸும் அதில் உண்டு.

சரி, தம்பி அனுப்பிய படத்துக்கு வருவோம். அட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், பதிப்பாளர் முகவரி இருக்கிற பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் ஆறு இலக்கம்.

"தம்பி, இது அந்த இதழ் இல்ல. விட்டுருங்க."

"எப்படி அண்ணாச்சி அவ்வளவு சீக்கிரம் சொல்றீங்க?"

நம் நாட்டில் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. அதற்கு முன்னால் பெரிய நகரங்களுக்கு மட்டும் 'சென்னை-2' என்கிற மாதிரி ஒன்றிரண்டு இலக்கம் உண்டு. ஆறு இலக்கம் கிடையாது. ஜனவரியில் அச்சான புத்தகத்தில் ஆகஸ்டில் பிறந்த எண் எப்படி வரும்?

அடுத்து உள்பக்கம் ஒன்று கேட்டேன். அதில் 'தலை' என்ற சொல் இன்று நாம் எழுதுகிற மாதிரியே இருந்தது. 1978 அக்டோபரில் எம்ஜிஆர் அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு ஆணை போட்டது. அதுவரை ணை, லை, ளை, னை நான்கும் முன்னால் துதிக்கை வளைத்துத்தான் அச்சில் வந்தன. றா, ணா, னா மூன்றும் கால் இல்லாமல் சுழித்துக்கொண்டு நின்றன. ஆணை வந்த மறுநாளே எல்லாம் மாறிவிடவில்லை. ஈய எழுத்தை ஒரே நாளில் தூக்கிப் போட எந்த அச்சகத்துக்கும் வசதி இல்லை, கொஞ்ச காலம் பழசும் புதுசும் சேர்ந்தே ஓடின. ஆனால் 1972 புத்தகம் முழுக்க 1978-க்குப் பிந்தைய எழுத்து இருக்காது.

பிறகு அட்டை. முதுகு மடிப்பைக் கிட்டத்தில் எடுக்கச் சொன்னேன். மடிப்பு நெடுக வண்ணம் செதில் செதிலாகப் பெயர்ந்து கீழே வெள்ளைத் தாள் தெரிந்தது. ஆஃப்செட் மை தாளுக்குள் இறங்கும். மடித்தால் தாள் நைந்து நரைக்கும், மை செதிலாக உதிராது. கலர் ஜெராக்ஸின் பொடி தாளின் மேலே உருகி உட்கார்ந்திருப்பது, மடித்தால் உடையும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் இன்னும் சுலபம்: ஆஃப்செட் அச்சில் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும். முத்து காமிக்ஸின் பழைய கதைகள் பின்னாளில் காமிக்ஸ் கிளாசிக்ஸ் என்ற பேரில் மறுபதிப்பாக வந்தன, அதற்கு அப்புறமும் வந்தன. அப்படி ஏதோ ஒரு மறுபதிப்பின் அட்டையைக் கழற்றிவிட்டு, பழைய அட்டையின் ஜெராக்ஸை யாரோ போர்த்தியிருக்கிறார்கள். விற்றவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். அவர் எங்கே வாங்கினாரோ.

தம்பி வாங்கவில்லை. ஆனால் ஒரு சந்தேகம் கேட்டார், நல்ல சந்தேகம். "பின்கோடு இல்ல, துதிக்கை இருக்கு, அட்டை ஆஃப்செட். அப்போ ஒரிஜினல்னு நம்பலாமா?"

நம்ப முடியாது. பழைய ஃபிலிமை வைத்து மறுபடி ஓட்டினால் பழைய எழுத்தே வரும். முகவரியில் பின்கோடு போட மறந்தவர்கள் 1980-களிலும் உண்டு. நான் சொன்ன சோதனைகள் எல்லாம் 'இது அது இல்லை' என்று மட்டும்தான் சொல்லும். 'இதுதான் அது' என்று சொல்ல வேறு சாட்சி வேண்டும்.

தாளைக் கேட்கலாம். நியூஸ்பிரிண்ட் ஓரத்திலிருந்து உள்ளே பழுக்கும். காற்றும் வெளிச்சமும் ஓரத்தில்தான் படுகின்றன. நடுப்பக்கம் வெளுப்பாக, ஓரம் காப்பி நிறமாக இருந்தால் இயற்கை. பக்கம் முழுக்க ஒரே பழுப்பாக, தாள் லேசாக அலையடித்து இருந்தால் தேயிலைத் தண்ணீரில் குளித்த புத்தகம். பின்னைக் கேட்கலாம். துரு ஒரு தாளோடு நிற்காது. முதல் தாளில் கறுப்பாக, அடுத்ததில் செம்மண்ணாக, அதற்கடுத்ததில் மஞ்சளாக இறங்கிக்கொண்டே போகும். துரு இறங்கியிருக்கிற ஓட்டையில் பளபளப்பான பின் இருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். பின்னுக்குப் பக்கத்தில் இரண்டாவது ஜோடி ஓட்டை இருந்தால், அட்டை ஒரு புத்தகம், வயிறு ஒரு புத்தகம். சென்டர் பின் அடித்ததில் ஒரு தாள் போனால் இரண்டு இலை போகும், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நாலு பக்கம். 'ஒரே ஒரு இலைதான் இல்லை' என்று விற்கிறவர் சொன்னால், அதன் ஜோடி எதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது என்று கேளுங்கள்.

இத்தனையும் பார்த்தாலும் வருஷம் சொல்ல வராது. வருஷம் சொல்வது ஒன்றே ஒன்று. அதைத்தான் இந்தத் தம்பிகள் குறை என்று நினைத்து ஒதுக்குகிறார்கள்.

தை மாதம் அதே தம்பி இன்னொரு படம் அனுப்பினார். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு வீட்டைக் காலி செய்தபோது கிடைத்த கட்டு. மூன்று முத்து காமிக்ஸ் ஒன்றாகத் தைத்தது: பாம்புத் தீவு, ஃப்ளைட் 731, கொள்ளைக்கார மாயாவி. முதலாவதுக்கு முன்னட்டை இல்லை. ஓரம் சீவி, பேச்சுப் பலூன்களின் விளிம்பை ஓரிடத்தில் கத்தி தொட்டிருந்தது. காலிகோ நைந்து நூல் தெரிந்தது. உள்ளே முதல் பக்கத்தில் பாதி அழிந்த ரப்பர் ஸ்டாம்ப், அதன் மேல் வாடகைக்குப் போன தேதிகள் நீல மசியில் ஒன்றின் கீழ் ஒன்றாக, 1975 சித்திரையிலிருந்து. ஒரு தேதிக்குப் பக்கத்தில் 'பாக்கி 20 பை.'

"கண்டிஷன் ரொம்ப மோசம். விட்டுறலாம்ல, அண்ணாச்சி?"

"வாங்குங்க."

அந்த மசித் தேதிகள் இருக்கிற தாள் 1975 சித்திரைக்கு முன்னால் அச்சானது. இதற்கு மேல் சாட்சி எந்த ஆபீஸும் தர முடியாது. போலி செய்கிறவன் அட்டையைச் செய்வான், யாரோ ஒரு பையன் வைத்த இருபது பைசா பாக்கியைச் செய்ய மாட்டான். செய்தால் விலை குறையும் என்று அவனுக்குத் தெரியும். சேகரிப்பவர்கள் சுத்தமான பிரதிக்கு அள்ளிக் கொடுத்து ஸ்டாம்ப் குத்தியதைக் கழித்துக் கட்டுவதால், தமிழ்நாட்டில் சந்தேகமில்லாத பிரதிகள்தான் மலிவு. இந்த நிலை எத்தனை நாளைக்கோ.

விலையும் சொன்னேன். ஓரம் சீவியதற்கும் அட்டை போனதற்கும் கழித்து, கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஆரம்பிக்கச் சொன்னேன். பணம் கொடுப்பதற்கு முன்னால் வீடியோவில் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டச் சொல்லும்படி சொன்னேன். விற்கிறவர் சலித்துக்கொள்ளாமல் புரட்டினார். மூன்று கதையும் முழுசாக இருந்தன. முடிந்தது.

இதில் எனக்கும் தம்பிக்கும் ஒத்துப்போகாதது ஒன்று இருக்கிறது. கட்டை எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கே வந்தார். தையலைப் பிரித்து மூன்றையும் தனித்தனியாக்கி, முதல் இதழுக்கு நல்ல ஜெராக்ஸ் அட்டை ஒன்று போட்டுத் தரக் கேட்டார். மூன்றுக்கும் தனித்தனி பிளாஸ்டிக் உறை வாங்கி வந்திருந்தார்.

என்னால் முடியும். பழைய மைதாப் பசை, ஈரத்துணி போட்டு வைத்தால் கொஞ்ச நேரத்தில் இளகிவிடும். நூலை அறுத்தால் இதழ்கள் கழன்று வரும். ஆனால் தேதிகள் இருக்கிற பக்கம் முதல் இதழோடு மட்டும் போகும், மற்ற இரண்டும் அநாதையாக நிற்கும். ஜெராக்ஸ் அட்டையைப் போட்டால், நாளைக்கு இன்னொரு தம்பிக்கு இன்னொரு பைண்டர் பார்த்து 'விட்டுருங்க' என்று சொல்ல வேண்டியிருக்கும்.

"அப்படின்னா வேற ஆள்ட்டக் கொடுத்துப் பிரிச்சுக்கிறேன்" என்றார்.

"பிரிச்சுக்கோங்க. பிரிக்கிறதுக்கு முன்னால முதுகோட சேத்து நாலு படம் எடுத்து வச்சுக்கோங்க. பின்னால விக்கும்போது காட்டலாம்" என்றேன். காலிகோ மட்டும் புதுசு போட்டுத் தரச் சம்மதித்தேன். அதற்கு எழுபது ரூபாய் ஆகும் என்றும் சொன்னேன். யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார்.